ஃபிரேமில் விழாத கூரை

போன மாதம் சென்னையிலிருந்து என் நண்பர் மூணாறு வந்தார். புகைப்படக்காரர். கறுப்பு வெள்ளை மட்டும்தான் எடுப்பார். கலர் என்றால் கல்யாண ஆல்பமாம்!

"கஷ்டப்படுற முகம் வேணும்" என்றார்.

எனக்குத் தெரிந்த செல்வமேரி அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனேன். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். தொழிலாளர் குடியிருப்பான லயன் வரிசையில் கடைசி வீடு.

போட்டோ என்றதும் அக்கா ஈஸ்டர் புடவை கட்டி, பவுடர் பூசி நின்றார். ரோஸ் கலர். நண்பரின் முகம் தொங்கிவிட்டது.

"அம்மா, வேலைக்குக் கட்டுற பழைய சேலை இல்லையா?"

"இருக்கு சார். படத்துக்கு எதுக்கு அது? ஆளுக சிரிக்க மாட்டாகளா?"

ஆனாலும் மாற்றிக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள் வெளியே போயின. டிவியைப் போர்வை மூடியது. மூடியது யார் என்கிறீர்களா? நான்தான்.

மழை பிடித்தது. தகரக் கூரை ஒழுக ஆரம்பித்தது.

"சார், இத எடுங்க! மூணு மனு குடுத்தாச்சு. ஒழுகலயேங்காக எஸ்டேட் ஆபீஸ்ல. படத்தோட குடுத்தா நம்புவாகல்லா?"

நண்பர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "பேசாதீங்கம்மா. ஜன்னலப் பாருங்க... சோகமா."

"சோகமாத்தான் சார் இருக்கு. கட்டிலு நனையுதுல்லா!"

முகச் சுருக்கங்களை எடுத்தார், எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். அக்கா பொறுத்துப் பார்த்தார். பிறகு தன் செல்போனை எடுத்து, தானே கூரையை எடுத்தார். ஒரு படத்தில் நண்பரும் விழுந்துவிட்டார் — பெரிய கேமராவும் கையுமாக, தலையில் தண்ணீர் சொட்ட!

நாலாவது மனுவோடு அந்தப் படம் ஆபீஸுக்குப் போயிருக்கிறது.

"யாரு இந்தக் கேமராக்காரரு? பத்திரிகையா?" என்று கேட்டார்களாம்.

"மெட்ராஸ்ல இருந்து வந்தாக சார்" என்றாராம் அக்கா. பொய்யில்லையே?

மூன்றாம் நாள் புதுத் தகரம்.

போன வாரம் சென்னையில் கண்காட்சி. சுவர் உயரத்துக்குச் செல்வமேரி அக்கா. கீழே தலைப்பு — 'மௌனம்'. வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு காபி குடிக்கப் போனார்கள். நான் அதைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"மௌனமா? நான் வாய் மூடாமப் பேசிட்டுல்லா இருந்தேன் தம்பி!"

"கோவமாக்கா?"

"எனக்கென்ன கோவம்? பாவம், சாருக்குக் காது மந்தம் போல. நல்ல டாக்டராப் பாக்கச் சொல்லுங்க."

துணைக்கு நானும் போகலாம் என்றிருக்கிறேன். அந்த மழையில் அக்கா பேசப் பேச நானும்தானே அங்கே நின்றிருந்தேன்...