அரக்கு பார்டர் வைத்த கராத்தே பை

என் கணவர் நல்ல நாள் பார்த்துத்தான் சண்டை போட்டார். ஆவணி மாதம், வளர்பிறை, வெள்ளிக்கிழமை. பதினான்கு வருஷமாகத் தன் அக்கா புருஷனின் பட்டுப்புடவைக் கடையில் வெள்ளை விரிப்பின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் புடவை விரித்துக் காட்டி, அவர்கள் போன பிறகு மடித்து வைத்துக்கொண்டிருந்தவர். அன்றைக்கு ஒரு கல்யாணக் கோஷ்டி நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றுகூட எடுக்காமல் எழுந்து போனது. "உன் மூஞ்சியப் பாத்தா எவனுக்குபா வாங்க மனசு வரும்?" என்று அத்தனை பேர் எதிரில் முதலாளி மாமா கேட்டுவிட்டார். இவர் நாற்பதையும் மடித்து அடுக்கிவிட்டு, "இனிமே இந்தக் கடைப் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தார். கோபத்தில் வந்தவர் மடிக்காமல் வந்திருக்கலாமே என்று கேட்டேன். "புடவ இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றார். இப்படிப்பட்ட மனிதரோடு குடித்தனம் செய்ய நிறையப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது.

மாமா அலட்டிக்கொள்ளவில்லை. "தை மாசம் முகூர்த்தம் ஆரம்பிக்கறதுக்குள்ள தானா வருவான்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். திரும்பிப் போனால் இவர் தலை நிமிர்ந்து நடக்கவே முடியாது என்று எனக்குத் தெரியும். வேறு வழி என்ன என்றுதான் தெரியவில்லை.

எழுபதுகளின் நடுவில் எங்கள் ஊருக்குக் கராத்தே வந்திருந்தது. சீனச் சண்டைப் படம் பார்த்த பையன்கள் போகிற போக்கில் விளக்குக் கம்பத்தை உதைத்துவிட்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். மெட்ராசிலிருந்து ஒரு மாஸ்டர் விடியற்காலை பஸ்ஸில் வந்து பள்ளிக்கூட மைதானத்தில் வகுப்பு எடுத்தார். வேலை தேடப் போகிறேன் என்று கிளம்பும் என் கணவர், அந்த மைதானத்துச் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்.

"அவ்ளோ பெரிய மாஸ்டரு. கறுப்பு பெல்ட்டு. அத எதுல எடுத்துக்கினு வர்றாரு தெரியுமா? மஞ்சப்பையில. மணமக்களை வாழ்த்த வருகன்னு எழுதி இருக்குது!"

பையன்களும் அப்படித்தானாம். வெள்ளை உடுப்பு, கைக்காப்பு, தடி எல்லாவற்றையும் உரச் சாக்கிலும் தாம்பூலப் பையிலும் அடைத்துக்கொண்டு வருகிறார்களாம். "நாம தச்சுக் குடுப்போம்" என்றார். நாம என்றால் நான். சீதனமாக வந்த தையல் மெஷின் என்னுடையது. அதுவரை ரவிக்கையைத் தவிர வேறெதையும் அது பார்த்ததில்லை.

லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் பாய் ஒருவர் கித்தான் துணி வெட்டிக் கொடுத்தார். "எல்லா எடத்துலயும் ரெண்டு தையல் போடுமா. ஒண்ணு பைக்கு, ஒண்ணு உன் பேருக்கு" என்று சொல்லி, தடித்த ஊசியும் கொடுத்தார். அந்த ஊசியையும் சேர்த்து ஒரே வாரத்தில் பதினொன்று உடைந்தது. என் விரலையும் இரண்டு தடவை குத்தியது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பார்டரைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆமாம், பார்டர். கராத்தே பைக்கு இரண்டு பக்கமும் அரக்கில் பார்டர் வேண்டுமென்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். "பார்டர் இல்லன்னா அது துணியாம்மா? கந்தல்." மூடியை முந்தி என்றே சொன்னார். முந்தி கொஞ்சம் எடுப்பாக இருக்க வேண்டும் என்று அதில் நாலு கோடு போட வைத்தார். எட்டுப் பை தயாரானபோது எட்டையும் பெண் பார்க்க வரலாம் போல இருந்தது.

மார்கழி முடியப் போகிற நேரம். மாமாவின் கடையிலிருந்து நாத்தனார் ஆள் அனுப்பினார்: வெள்ளிக்கிழமை வந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறேன், தயாராக இருக்கட்டும் என்று. அந்தப் புதன்கிழமைதான் மாஸ்டர் பை பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். பிடித்திருந்தால் பதினெட்டுப் பையன்களுக்கும் எடுப்பதாகப் பேச்சு. பிடிக்காவிட்டால் வெள்ளிக்கிழமை.

அதனால்தான் அன்று காலை நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நன்றாக வந்த ஒரு பையை எடுத்துச் சாமி படத்தின் முன் வைத்து, முதுகுப் பக்கம் மஞ்சள் தடவி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன்.

மாஸ்டர் சின்ன வயசுக்காரர். இவர் அவரைப் பாயில் உட்கார வைத்து, காபி கொடுத்து, எதிரே வெள்ளை வேட்டியை விரித்து, பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். "பாடி பாருங்க சார். பார்டர் பாருங்க. இதான் முந்தி." ஒரு பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, புடவை காட்டுகிற மாதிரியே ஒயிலாகத் திரும்பியும் காட்டினார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டேன்.

"டிசைன்லாம் ஓகே சார். தாங்குமா?" என்றார் மாஸ்டர். "பசங்க பஸ் மேலருந்து தூக்கிப் போடுவானுங்க. ஒண்ணுல மண்ணு ரொப்பிக் கட்டித் தொங்க வுடுங்க. ஒரு கிக் குடுத்தா தெரிஞ்சிடும்."

எட்டில் ஒன்றை அவரே எடுத்தார். குங்குமம் வைத்த பையையேதான் எடுத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். புடவைக் கடையில் துணிமேல் கால் படக்கூடாது. தவறிப் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். என் கணவருக்கு இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. வாசலில் கால் துடைக்கப் போட்ட சாக்கைக்கூடத் தாண்டித்தான் வருவார். அதனாலேயே வீடு முழுக்க மண்.

பின்கட்டுப் பூவரச மரத்தில் பை தொங்கியது. குங்குமம் இவர் கண்ணில் படாமல் இருக்க, நான் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். கயிற்று முறுக்கு அதை நிதானமாகத் திருப்பிக்கொண்டு வந்து மாஸ்டருக்கு நேரே நிறுத்தியது. மாஸ்டர் இரண்டடி பின்னால் போனார். ஏதோ கத்தினார். கால் மேலே எழும்பியது.

"ஐயோ, கால் படுதே!" என்று கூவிக்கொண்டு என் கணவர் குறுக்கே பாய்ந்தார்.

உதை இடுப்பில் விழுந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் பதறிப்போய் "சாரி சார், சாரி சார்" என்று அழுத்திப் பார்த்தார். எலும்பு முறியவில்லை. மூச்சு வந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, "பைமேல படலியே சார்?"

மாஸ்டரின் முகம் மாறியது. "உதைச்சா பிஞ்சிடும்னு உங்களுக்கே பயமா இருக்குது. அப்புறம் நான் எப்டி சார் வாங்குறது?"

"அதில்ல சார். மஞ்ச குங்குமம் வெச்சிருக்குது..."

"அப்போ சாமிக்கே வெச்சிடுங்க. பசங்களுக்கு வேணாம்." தன் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு அவர் வாசலைப் பார்த்து நடந்தார்.

இவர் தரையில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார். வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து மாமாவின் ஏச்சைக் கேட்டபோதும் இந்த முகம்தான் இருந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தது. மாமா மேல், மாஸ்டர் மேல், இவர் மேல், குங்குமம் வைத்த என் மேல்.

"கொஞ்சம் நில்லுங்க சார்" என்றேன். கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினேன். பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தாயே, மன்னிச்சுக்கோ. அப்புறம் விட்டேன் ஒரு உதை. பை மரத்தில் மோதித் திரும்பி வந்தது. இன்னொன்று விட்டேன். மூன்றாவது உதையில் பூவரசம் இலை நாலைந்து உதிர்ந்தது. என் கணவர் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் திரும்பி வந்து ஒவ்வொரு தையலாக இழுத்துப் பார்த்தார். ஒரு நூல்கூடப் பிரியவில்லை. "பதினெட்டும் போடுங்க. பார்டரும் இருக்கட்டும்" என்றவர், போகும்போது, "மேடம், நீங்க கிளாசுக்கு வரலாம்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேலை பிரிந்தது. வெட்டுவதும் மடிப்பதும் அவர். தைப்பதும் உதைப்பதும் நான். நான் உதைக்கும் நேரத்தில் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். ஆச்சு என்று நான் சொன்ன பிறகுதான் திரும்புவார்.

வெள்ளிக்கிழமை நாத்தனார் வந்தபோதும் அப்படித்தான் நின்றார். இடுப்பு வலி வேறு. ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சுவரோடு முகத்தை வைத்து முனகிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நான், சேலையைத் தூக்கிச் செருகி, மூச்சு வாங்க, காலை ஓங்கியபடி. பை மரத்தின் மறுபக்கம் போயிருந்த நேரம். நடையிலிருந்தே பார்த்த நாத்தனார், "அடி பாவி!" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. "பாவம்பா, அவன் வூட்லயே உதை வாங்கிக்கினு இருக்கான். நான் வேற பேசணுமா? வுட்டுடுங்க" என்று மாமா சொன்னாராம். பிறகு கூப்பிட்டு அனுப்பவே இல்லை. என் பெயர்தான் நாறியது. குழாயடியில் பெண்கள் எனக்கு வழிவிட்டு நின்றார்கள்.

"போய் உண்மையச் சொல்லிட்டு வாங்க" என்று இவரிடம் கத்தினேன்.

வேட்டி விரிப்பில் உட்கார்ந்து பையை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அவங்க இன்னா பொய்யா சொல்றாங்க? நீ உதைச்சதாலதான் நான் தப்பிச்சேன்" என்றார்.

அடுத்த பையை எடுத்து மண்ணை ரொப்ப ஆரம்பித்தேன்.