வாசலில் தொங்கிய இன்ஜின்

என் வீட்டுக்காரர் ஆல்வினைப் போல ஜாக்கிரதையான மனுஷனைச் செங்கல்பட்டு ஜில்லாவையே சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது. மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டியவர். வீட்டையும் அந்தக் கம்பெனி மாதிரியே நடத்தினார். பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்க வேண்டுமென்றாலும் நான் எட்ட நின்று கையால் சைகை காட்ட வேண்டும். விரலை மேலே நீட்டிச் சுற்றினால் ஏற்று, கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு, உள்ளங்கையை விரித்தால் நிறுத்து. கல்யாணமான புதிதில் இதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

கம்பெனியை விட்டு வந்த பிறகு அந்தச் சைகையும் போயிற்று. பாரமான வேலை எதுவாக இருந்தாலும் தனியாகத்தான் செய்வார், பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. கிரைண்டரை ஒருநாள் துடைத்துப் பரணில் ஏற்றினார். ஏறியது ஏறியதுதான். "எறக்கிக் குடுங்க, இட்லிக்குப் போடணும்" என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்து, நான் மிக்ஸியில் அரைக்கப் பழகிக்கொண்டேன். சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன்.

இந்த நிலையில்தான் மகாபலிபுரத்தில் டிராவல்ஸ் நடத்தும் கிஃபாயத்துல்லா பாய் ஓரங்கட்டி வைத்திருந்த டீசல் காரை வாங்கி வந்தார். இன்ஜினைக் கழற்றிச் சரி செய்து சொந்தமாக ஓட்டப் போகிறாராம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்றேன், கேட்கவில்லை. எங்கள் போர்டிகோவில் வாசலை ஒட்டினாற்போல ஒரு கான்கிரீட் பீம் போகிறது. ஊஞ்சல் போட அதில் பெரிய கொக்கி வைத்துக் கட்டியிருந்தோம். காலி டிரம்மைத் தொங்கவிட்டு, அது நிறையத் தண்ணீர் ஊற்றி அந்தக் கொக்கி தாங்குமா என்று பார்த்தார். சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை வாடகைக்கு எடுத்து வந்து மாட்டினார். அடியில் பழைய டயர்களை அடுக்கி, சுற்றிலும் தரையில் மஞ்சள் பெயின்டால் கோடு போட்டார். எல்லாம் சரி. அந்தக் கோட்டுக்குள் எங்கள் வீட்டு வாசலும் சேர்ந்து போனதுதான் கொடுமை.

எனக்கு அன்றைக்குத்தான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலைக்குச் சேரும் நாள். இன்றைக்கு வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டு முனைக்குக் கம்பெனி பஸ் வரும். குளித்து, புதுச் சுடிதார் போட்டு, டிபன் பாக்ஸோடு கதவைத் திறந்தால் என் நெஞ்சு உயரத்துக்கு இன்ஜின் தொங்குகிறது. எண்ணெய் சொட்டிக்கொண்டு, லேசாக ஆடிக்கொண்டு, வாசலையே அடைத்துக்கொண்டு. காரைப் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் சங்கிலியைப் பிடித்தபடி இவர்.

"இன்னாங்க இது? எறக்குங்க, பஸ் வந்துரும்."

"செயினு சிக்கிகினு கீது. இரு."

இருந்தேன். எங்கள் வீட்டுக்கு வேறு வழி கிடையாது. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர், பின்னால் ஆளுயரத்துக்கு மேல் காம்பவுண்டு, ஜன்னலெல்லாம் கம்பி. கூண்டுக்குள் போட்ட மாதிரி கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். வியர்வையில் புதுத் துணி முதுகில் ஒட்டியது.

"குனிஞ்சு கீழ பூந்து வந்துர்றேன்."

"வராத!" தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். "தொங்கற லோடுக்குக் கீழ ஒருத்தரும் வரக் கூடாது!"

எனக்கும் கண் இருக்கிறது. சங்கிலி எங்கேயும் சிக்கவில்லை, நேராகத்தான் தொங்கியது. கையைப் பனியனில் துடைக்கிறார், பிடிக்கிறார், இழுக்காமல் விட்டுவிடுகிறார். திரும்பவும் துடைக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ், நா வேலைக்குப் போறது புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லு. அதுக்கு ஒரு இன்ஜினையா குறுக்க கட்டுவ?"

அவர் முகம் செத்துப்போயிற்று. "தூக்கிட்டேன் ஹெலன். எறக்க கை வரல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பெனியில் இவருடைய கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டியவர் ராஜேந்திரன். ஒருநாள் சூப்பர்வைசர் அவசரப்படுத்தியதில், ராஜேந்திரன் கை அசைவதற்குள் இவர் பெரிய இரும்பு அச்சு ஒன்றை இறக்கிவிட்டார். அது ராஜேந்திரனின் பாதத்தில் உட்கார்ந்தது. "வுட்றா மச்சான், உயிரு கீதுல்ல" என்று அந்த மனுஷன் விந்தி விந்தி வந்து சொல்லியும் இவர் வேலையை விட்டார். அதன் பிறகு இவர் எதையும் ஏற்றுவார், இறக்கமாட்டார். பரணில் கிடக்கும் கிரைண்டர் ஞாபகம் வந்தது. ஐயோ, இத்தனை நாள் கூடவே இருந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்றே!

டிபன் பாக்ஸைக் கீழே வைத்தேன். கோட்டுக்கு வெளியே, கூடத்துக்குள் நாலடி பின்னால் போய் அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நின்றேன்.

"என்னப் பாருங்க. நா காட்டினா மட்டும் இழுங்க."

விரலைக் கீழே நீட்டிச் சுற்றினேன். அவர் என் விரலையே பார்த்தார். பிறகு சங்கிலி கடகடவென்று ஒரு பிடி நகர்ந்தது. சுற்றினேன், இன்னொரு பிடி. இன்ஜினின் ஒரு ஓரம் டயரை விட்டு விலகி வந்தது. உள்ளங்கையை விரித்தேன், அப்படியே நின்றுவிட்டார். நீளக் கட்டையால் தள்ளி நேராக்கினார். மறுபடியும் சுற்றினேன். இன்ஜின் டயர்மேல் உட்கார்ந்து சங்கிலி தொளதொளத்ததும் அவர் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார்.

ஆறுதல் சொல்ல நேரமில்லை. இன்ஜின்மேல் கால் வைத்துத் தாண்டினேன். சுடிதாரில் எண்ணெய்க் கறை. ரோட்டு முனையில் கிளம்பிவிட்ட பஸ்ஸைக் கையைக் காட்டி ஓடிப் பிடித்தேன். "இன்னாமா, மொத நாளேவா?" என்று டிரைவர் சத்தம் போட்டார். போடட்டும்!

சாயங்காலம் வந்து பார்த்தால் இன்ஜின் வைத்த இடத்திலேயே இருக்கிறது. போர்டிகோவில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சாப்டீங்களா?"

"சோறு உள்ள கீது."

"தாண்டிப் போயி சாப்ட்டா இன்னா?"

"லோடு இன்னும் செயின்ல கீது. கோட்டத் தாண்டக் கூடாது." எழுந்து வந்து ஒரு இடத்தைக் காட்டினார். மஞ்சள் கோட்டுக்கு வெளியே, ஓரமாக, புதிதாக ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தார். பெயின்ட் இன்னும் காயவில்லை.

"நீ நிக்கிற எடம். அந்தாண்ட எடுத்து வெக்கணும்னா ஒருதபா தூக்கி எறக்கணும். ஆள் வோணும்ல."

"பசி வயித்தோட இதுக்கா ஒக்காந்துகினு இருந்தீங்க?" என்று திட்டத்தான் வந்தது. திட்டிக்கொண்டே பையைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் கட்டத்துக்குள் போய் நின்று, விரலை மேலே நீட்டினேன். அது முடிந்து அவர் சாப்பிட்டு எழுந்ததும், கையோடு பரணிலிருந்த கிரைண்டரையும் இறக்கவைத்தேன்.