கண்ணுக்குள் பூசாத மஞ்சள்

சகோதரரே, சர்வேசுரன்மேல் நான்கு நாள் கோபமாயிருந்தவன் இதை எழுதுகிறேன்.

1954 டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பு, இராயபுரத்தில் எங்கள் வீட்டு உள்ளறையில் என் மகன் பிறந்தான். கடற்காற்று ஆகாது என்று துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த சாக்கால் ஜன்னலை அடைத்தவன் நானே. உள்ளே கரிச்சட்டி அணையாமல் கனன்றது. நடப்பதைத் தேதிவாரியாக எழுதிவைப்பது என் பழக்கம். இரண்டாம் நாள்: மனைவி ரோசம்மாளுக்குத் தலைவலி, வாந்தி. மூன்றாம் நாள்: பிள்ளை மஞ்சளாக இருக்கிறான், பால் குடிக்கவில்லை. நான்காம் நாள்: அழுகையே இல்லை.

மாமியாரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். “மஞ்சப் பூசிக் குளிப்பாட்டினா மஞ்சளாத்தான் இருக்கும் மாப்ளே. அழாத புள்ளைக்குக் குடுத்து வெச்சிருக்கணும். பொஸ்தகத்த மூடிட்டு வேலையப் பாருங்க” என்பார். தலைவலிக்குக் கண்ணேறு என்று பெயர் வைத்து, அதே கரியில் மிளகாயைப் போட்டார். பார்க்க வந்தவர்களோ, “தங்கமாட்டம் கீறான்” என்று மெச்சிவிட்டுப் போனார்கள்.

நான்காம் நாள் காலை செபமாலையோடு கூடத்தில் நின்றேன். “ஆண்டவரே, இந்த வீட்டில் என் பேச்சு எடுபடாது. எடுபடுகிற ஆளை அனுப்பும்.” அதைச் செபம் என்று சொல்ல வெட்கம், சண்டைதான். உடனே கதவு தட்டப்பட்டது. மீன்காரி கன்னியம்மா. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று பால்சுறா கொண்டுவந்திருந்தாள்.

“நாளைக்கு வா” என்று கதவைச் சாத்தப் போனேன்.

“நாளிக்கு நாறிப்பூடும் நைனா. வழி வுடு.”

உள்ளறை வாசலிலேயே முகம் சுளித்தாள். “இன்னாம்மா, புள்ளயக் கருவாடு போடுறியா?” சாக்கைப் பிடுங்கி எறிந்தாள். வெளிச்சம் விழுந்தது. மீனின் கண்ணைப் பார்த்தே பழகியவள், பிள்ளையின் இமையை விரலால் நீக்கினாள்.

“ஏம்மா, கண்ணுக்குள்ளயுமா மஞ்சா பூசிகினே?”

மாமியார் பிள்ளையைத் துணியில் சுற்றத் தொடங்கினார். கூடையை எங்கள் வீட்டிலேயே போட்டுவிட்டுக் கன்னியம்மாவும் ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

மூடிய அறையில் கரிநெருப்பு கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயுவைக் கக்கும், அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது என்றார் டாக்டர். ரோசம்மாளின் தலைவலி அதனால்தான். பிள்ளைக்கு அதோடு கடுமையான காமாலை; அது மூளையில் ஏறினால் கழுத்து நிற்காது, காது கேட்காது. பிள்ளையின் இரத்தத்தை எடுத்து வேறு இரத்தம் ஏற்றினார்கள். உயிர் நின்றது. காதைப் பற்றி மட்டும், “போகப்போகத்தான் தெரியும்” என்றார்.

ஐந்து மாதம் அந்த ஒரு வார்த்தையோடு செபித்தேன். மே மாதம் ஒரு காலை, தெருமுனையில் கன்னியம்மா மீன் கூவினாள். என் மடியிலிருந்த பிள்ளை அந்தப் பக்கம் தலையைத் திருப்பினான். குறிப்பேட்டில் தேதியை மட்டும் எழுதினேன்.

அன்றுமுதல் எங்கள் வீட்டு ஜன்னல் அடைபடுவதில்லை. அந்தச் சாக்கு வாசலில் கால்மிதியாகக் கிடக்கிறது. நீங்களும் கேளுங்கள்; கோபத்தோடு கேட்டாலும் அவர் கேட்பார். பிறந்த பிள்ளையை மஞ்சள் பூசாமல் வெளிச்சத்தில் பாருங்கள். செபத்தின் நடுவே கதவு தட்டப்பட்டால் மட்டும், என்னைப்போல் “நாளைக்கு வா” என்று சொல்லிவிடாதீர்கள்.