விட்டுவைத்த தும்பை

கார்த்தியாயினி வெந்நீரில் துணியைப் பிழிந்து கணவர் பாலையனின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவரை ஒருக்களித்துப் பிடித்திருந்தேன். பாறசாலையைச் சுற்றிப் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போவது நர்ஸான என் வேலை. பாதி துடைக்கும்போதே மூச்சு நின்றது. நாடி பார்த்தேன்.

“போயாச்சா சிஸ்டரே?”

ஆமென்றேன். மீதி முதுகையும் துடைத்தாள்.

முப்பது வருடம் ரப்பர் வெட்டப் போனவள். அவர் பக்கவாதத்தில் விழுந்தபின் வீட்டைவிட்டு நகர முடியவில்லை. சுவர்ப் பொந்திலிருந்த சிறுதேனீக் கூட்டைப் பெட்டிக்கு மாற்றிப் பழகினாள். கொட்டாத இனம், அதிக தூரம் பறக்காது. ஐந்து பெட்டிகள் ஆயின. ரப்பர்த் தளிரில் தேன் சுரக்காத மழைமாதங்களில் அவற்றுக்குத் தீனி வேண்டுமென்று வேலியோரத் தும்பையை வெட்டாமல் விட்டிருந்தாள். காலையில் பார்த்தால் பூவுக்கொரு தேனீ தலையை நுழைத்திருக்கும்.

எங்கள் பக்கம் சாவு விழுந்தால் அக்கம்பக்கத்தார் மண்வெட்டியோடு வந்து முற்றத்துப் புல்பூண்டையெல்லாம் செத்திக் களைந்துகொடுப்பார்கள். யாரும் அழைக்க வேண்டியதில்லை. அன்றும் வந்தார்கள்.

தகனம் முடிந்து சாயங்காலம்தான் அவள் வெளியே வந்தாள். வேலியோரம் வெறும் செம்மண். அதன்மேல் தேனீக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. கொழுந்தன் மகன் ரதீஷ் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“எலே ரதீஷே, இங்க நின்ன தும்பை எங்க?”

“செத்திக் களஞ்சாச்சு பெரியம்மே. காடாட்டுல்லா கெடந்தது.”

“காடுண்ணு ஒனக்கு ஆரு சொன்னா?”

“பின்ன, நீங்க வெதச்சதா?”

“வெதைக்கல்ல. விட்டுவச்சேன்.”

சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமே என்றேன்.

“நாலு நாளைக்கு வைக்கலாம் சிஸ்டரே. மழை இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. அம்பூரியில தங்கச்சி விமலகுமாரிக்க பறம்பு முழுக்க தும்பையாக்கும். நாளைக்கே கொண்டுபோணும்.”

“அஞ்சாம் நாள் சடங்கு கழியாம நீங்க படி இறங்கப்பிடாது. நான் கொண்டுபோறேன்,” என்றான் ரதீஷ்.

“எதுக்கு? அவளுக்க பறம்பையும் செத்தவா?”

அவன் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனான். தேனீக்கள் அடைந்ததும் அவள் பெட்டி வாசல்களில் வலைத்துணி கட்டினாள். இன்னும் அழவில்லை. அழச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆட்டோ வந்தது. வாசலில் நின்ற பெண்களைத் தாண்டி அவள் படி இறங்கினாள். துணைக்கு நானும் ஏறினேன்; அவள் மடியில் மூன்று பெட்டி, என் மடியில் இரண்டு. அம்பூரியில் தங்கச்சி தோட்டத்துத் தும்பைக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து வைத்து வலைகளை அவிழ்த்தாள். நான்கு பெட்டிகளிலிருந்து தேனீக்கள் வெளியே வந்தன. ஐந்தாவதைத் தட்டினாள், காதை வைத்துக் கேட்டாள், உள்ளே இரைச்சல் இல்லை. அதையும் அங்கேயே வைத்துவிட்டு, பத்து மணி பஸ்ஸில் திரும்பினோம்.