பக்கத்துக் குதிரைக் காணி

எங்கள் வேலிக்கு அப்பால் ஆறு ஏக்கர் பற்றைக்காடு கிடந்தது. கண்ணிவெடி எடுத்து முடித்த பிறகும் ஒருவரும் கால் வைக்காத காணி. போன வருடம் அதை ஒருவர் வாங்கினார். முல்லைத்தீவுக் கரையில் மாதா கோயிலடியில் பிறந்த வேதக்காரர். வெளிநாட்டில் முப்பது வருடம் குதிரைப் பண்ணையில் வேலை செய்தவர். மனைவி பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்து, காட்டை வெட்டிப் புல் விதைத்து இரண்டு குதிரை வளர்க்கப் போவதாகச் சொன்னார். எங்கள் ஸ்கந்தபுரத்தில் குதிரை. சந்தியில் கொஞ்ச நாள் அதுதான் கதை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கத்தி பிடிக்கத் தெரியும், கதைக்கத் தெரியாது. வேலைக்கு வருகிறீரா என்று அவர் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினேன். வேலையாட்களுக்கு மத்தியானச் சாப்பாடு தருவதாக என் மனைவி அவரோடு தானே பேசி முடித்துக்கொண்டாள்.

மாட்டுக்குக் காடு வெட்டுவதுபோல் குதிரைக்கு வெட்ட முடியாது. ஈச்சம்பற்றையை வேரோடு எடுக்க வேண்டும். எலி வளை, புற்று, பழைய பதுங்குகுழி எல்லாவற்றையும் மண் போட்டு இறுக்க வேண்டும். கால் அகப்பட்டால் குதிரை முடிந்தது என்பார். முட்கம்பித் துண்டுகளை நாங்கள் வாளி வாளியாகப் பொறுக்கினோம். அவரும் குனிந்து பொறுக்கினார். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

குறை சாப்பாட்டு நேரத்தில் இருந்தது. மனைவி சட்டியைக் கொண்டுவந்து வைத்ததும் அவர் ஒரு கதையைத் தொடங்குவார். பனிக்குள் விழுந்த கதை, குதிரை தன் தொப்பியைத் தின்ற கதை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அவர் அவளைத் தங்கச்சி என்றும் அவள் அவரை அண்ணை என்றும்தான் கூப்பிட்டார்கள். அது எனக்குப் போதவில்லை. சோற்றைப் பிசைந்தபடி சிரிப்புகளை எண்ணினேன்.

காணியின் நடுவில் ஒரு பெரிய வீரை மரம் நின்றது. அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் லாயம் கட்டுவதாக அவர் சொன்னார். பிறகு மனைவியைப் பார்த்து, "முதல் குதிரையிலை தங்கச்சியைத்தான் ஏத்துவன்" என்றார். அவளுக்குச் சிரித்துப் புரையேறியது.

மறுநாள் விடிய முதலே எழும்பினேன். எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் இறங்குகிறவர்கள் ஒரு இலைக்குழையை முறித்து மரத்தடியில் போட்டு ஐயனாரைக் கும்பிடுவார்கள். குழை கிடக்கிற மரத்தில் யாரும் கத்தி வைப்பதில்லை. நான் போகிற வழியில் கைக்கு எட்டிய குழைகளை முறித்துக்கொண்டுபோய் வீரையடியில் குவித்து, ஒரு கல்லையும் நிமிர்த்தி வைத்தேன்.

மரத்தைத் தள்ள வந்த பெக்கோ ஓட்டுகிறவர் மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பத்து ஆள். குழையைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்திச் செருப்பைக் கழற்றினார். "கும்பிட்ட இடங்க. நான் கை வைக்க மாட்டேன்" என்றார். மற்றவர்களும் ஆளுக்கொரு குழை முறித்துப் போட்டார்கள். காணிக்காரருக்குக் கடல்தான் தெரியும், காடு தெரியாது. என்னிடம் விசாரித்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம், அப்பிடித்தான்" என்றேன். அவர் மறு பேச்சில்லாமல் வேலையை நிறுத்தினார்.

லாயம் இல்லாவிட்டால் குதிரை வராது, ஆளும் போய்விடுவார் என்று நினைத்தேன். அன்று சாப்பாடு கொண்டுவந்த மனைவி மரத்தடிக்குப் போய்ப் பார்த்தாள். ஒரு குழையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போட்டாள். பின்னேரம் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்.

"காட்டுக்குள்ளை பூவரசு எங்கையப்பா முளைச்சது?"

நான் முறித்தது எங்கள் வேலிப் பூவரசு. ஐயனாருக்குக் காட்டுக்குழைதான் போடுவது.

"அந்த அண்ணையோடை கதைக்கிறன் எண்டுதானே?"

"சிரிக்கிறாய்" என்றேன்.

"நீங்களும் ஒரு கதை சொல்லுங்கோவன். சிரிக்கிறனோ இல்லையோ எண்டு பாப்பம்."

நெடுநேரம் யோசித்தேன். ஒரு கதையும் வரவில்லை. அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு உலையை இறக்கினாள்.

அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் காணிக்காரர் கயிறும் கட்டைகளுமாக வந்தார். நடுவில் சாமி இருக்கிறபடியால் லாயத்தை ஓரத்துக்கு மாற்றுவதாகச் சொன்னார். தண்ணீருக்கும் ஆள் துணைக்கும் எங்கள் வேலி ஓரம்தான் வசதியாம். முதல் கட்டையை எங்கள் குசினியில் இருந்து பத்தடி தள்ளி அடித்தார். இரண்டாவது கட்டையை அடிக்கும்போது நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மனைவி குசினி வாசலில் நின்று கட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வாயைப் பொத்தவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தாள். என்ன புதினம் என்று அவர் கேட்டார்.

"அது எங்கட வீட்டுக் கதை, அண்ணை" என்றாள்.

நான் கட்டையை விடாமல் பிடித்திருந்தேன். அந்தக் கதையை அவரிடம் ஒருநாளும் சொல்லிவிடக் கூடாது என்று அவளிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னும் கேட்கவில்லை.