யானை இரண்டாகாத வருடம்

மகளின் முதல் கலியாணப் பேச்சு லண்டன் நோர்பரியில், மாப்பிள்ளை வீட்டில் முறிந்தது. மாப்பிள்ளையின் மாமன் ஒருவர் வாய்ப்பனைக் கடித்துக்கொண்டே, "எல்லாரும் ஒண்டா நிண்டிருந்தால் எங்கட சனம் இண்டைக்கு இப்பிடி நாடு நாடா அலைஞ்சிருக்காது" என்றார்.

"ஒண்டா நிண்டவையை ஆர் சுட்டது?" என்று நான் கேட்டேன்.

என் அண்ணனைச் சுட்டது ஆமிக்காரன் இல்லை. எங்கள் ஆட்கள்தான். வேறு இயக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மாமன் எந்த இயக்கத்தின் பக்கம் என்பது அவர் சொன்ன மறுமொழியிலேயே தெரிந்துவிட்டது. அதன் பிறகு யார் என்ன கத்தினோம் என்று எழுதத் தேவையில்லை. தொடங்கியது அவர், முடித்தது நான். அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை. ஆனால் நோர்பரியிலிருந்து மனோர் பார்க்கில் எங்கள் வீடு வரைக்கும் மகள் காரில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். அது மட்டும் மனதில் கிடந்தது.

இரண்டாவது பெடியனை அவளே தேடிக்கொண்டாள். வேலையிடத்தில் பழக்கம். நல்ல பிள்ளை. தாய் தகப்பன் நியூ ஜேர்சியில். ஒரே சிக்கல், தகப்பன் வேண்டாம் என்றால் அவன் மீறிக் கட்ட மாட்டான். அதை அவனே மகளிடம் சொல்லியிருக்கிறான். அவர்கள் எங்களைப் பார்க்க லண்டனுக்கு வருகிறார்கள் என்று முடிவானதும், மகள் என்னைக் குசினிக்குள் மறித்து வைத்துக்கொண்டு கதைத்தாள்.

"அம்மா, அவரின்ரை அப்பாவும் உங்களை மாதிரித்தான்."

"அப்ப நல்ல மனுசன்."

"இல்லை அம்மா. அதே கோவம். அதே வாய். ஊர்ப் பொலிட்டிக்ஸ் வேண்டாம். அமெரிக்காவில இப்ப நடக்கிறதும் வேண்டாம். ப்ளீஸ். இதுவும் போச்செண்டால் நான் இனி ஒருத்தரையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வர மாட்டன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏசியிருப்பேன். இவர், என் மனுசன், வேறு பின்னாலிருந்து, "இஞ்சாரும், கொஞ்சம் சிரிச்ச முகமா இரும்" என்றார்.

"நான் சிரிச்சால் சனம் பயப்பிடும்" என்றேன். அது உண்மை.

அமெரிக்கா பற்றி மகள் ஏன் தனியாகச் சொன்னாள் என்பதையும் சொல்ல வேண்டும். நான் பஸ் ஓட்டுகிறேன். எங்கள் கராஜ் கன்ரீனில் ஒரு தொலைக்காட்சி இருக்கிறது. அமெரிக்கத் தேர்தல் வந்தால் அதில் வேறொன்றும் ஓடாது. கூட வேலை செய்யும் ஜமேக்காக்காரர் ஒருவர் கழுதைக் கட்சி, அதாவது டெமொக்ரட். நான் எந்தக் கட்சியும் இல்லை. அவரை எரிச்சல்படுத்துவதற்காக யானைக் கட்சிக்கு, ரிபப்ளிக்கனுக்கு, வாதாடத் தொடங்கினேன். ஒருநாள் அவர் ஒரு இணையத்தளத்தைக் காட்டினார். பழைய தேர்தல் ஒன்றை எடுக்கலாம், ஒரு விஷயத்தை மாற்றலாம், எந்த மாநிலம் எந்த நிறமாக மாறும் என்று போட்டுப் பார்க்கலாம். உலகம் முழுக்க ஆட்கள் அதில் இருந்து சண்டை பிடிக்கிறார்கள். புளோரிடாவில் சில நூறு வாக்குகள் மற்றப் பக்கம் விழுந்திருந்தால் என்ன? முதல் தொலைக்காட்சி விவாதத்தில் வியர்த்து நின்று தோற்றவர் முகத்துக்கு ஒழுங்காகப் பவுடர் போட்டிருந்தால் என்ன? அங்கே ஒரே ஒரு விதிதான். ஒரு மேப்பில் ஒரு மாற்றம். மற்றதெல்லாம் அதிலிருந்து வர வேண்டும். விருப்பத்துக்கு இரண்டாவது மாற்றம் செய்தால் ஆட்கள் கழுவி ஊற்றுவார்கள்.

எனக்கு அது பிடித்துப் போனது. பஸ்ஸில் ஒரு திருப்பத்தைத் தவற விட்டால் நீ பாட்டுக்குப் பின்னுக்கு எடுக்க முடியாது. கொன்ரோல் அறைக்குச் சொல்லிவிட்டு, மாடியிலும் கீழேயும் சனம் ஏச ஏச முன்னுக்குத்தான் போக வேண்டும். நாள் முழுக்க அப்படி ஓட்டுகிறவளுக்கு, பின்னுக்குப் போய்த் திருப்புவதற்கு ஒரு இடம் கிடைத்தால் விடுவாளா? அதுவும் எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு நாட்டில். யார் தோற்றாலும் என் வீட்டில் பிணம் விழாது.

சனிக்கிழமை மத்தியானம் வந்தார்கள். தாய் மெலிந்த அமைதியான மனுசி. தகப்பன் பெரிய உடம்பு, முறுக்கின முகம். நியூ ஜேர்சியில் பெட்ரோல் நிலையம் வைத்து நடத்தி விற்றுவிட்டு இப்போது சும்மா இருக்கிறாராம். சும்மா இருக்கிற முகம் இல்லை அது. பெடியன் அவருக்குப் பக்கத்தில் காவல்காரன் மாதிரி இருந்தான். அவனும் தகப்பனுக்கு ஏதோ ஓதியிருக்கிறான் என்று எனக்கு உடனே விளங்கியது.

குளிரைப் பற்றிக் கதைத்தோம். எலிசபெத் லைன் ரயில் எவ்வளவு வசதி என்று இவர் சொன்னார். ஓம், வசதிதான் என்று அவர் சொன்னார். ரோல்ஸ் நல்லாயிருக்கு என்றார். கடை ரோல்ஸ் என்றேன். அதோடு கதை தீர்ந்தது. இரண்டு வீட்டிலும் வாயாடிகள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தால் வேறு யார்தான் கதைப்பது? தேத்தண்ணி போடுகிற சாட்டில் மகள் குசினிக்குப் போனாள். கொஞ்சத்தில் பெடியனும் எழும்பிப் போனான். தாய்க்காரியை இவர் சாமியறையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். நானும் அவரும் மிஞ்சினோம்.

அவர் என்னைப் பார்க்காமல் சாப்பாட்டு மேசையைப் பார்த்தார். அங்கே என் லப்டொப் திறந்து கிடந்தது. காலையில் பதற்றம் அடங்குவதற்காக ஒரு மேப் போட்டுக்கொண்டிருந்தேன். மூடி வைக்கச் சொல்லி இவரிடம் சொல்லியிருந்தேன், இவர் மறந்துவிட்டார்.

"தங்கச்சி, உந்த மேப் பிழை" என்றார்.

"பிழையில்லை அண்ணை. நடக்காத மேப்."

எழும்பிப் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "எந்த வருசம்?"

சொன்னேன். நூறு வருடத்துக்கும் மேலே. யானைக் கட்சியில் இரண்டு பேர். ஒருவர் பழைய சனாதிபதி, மற்றவர் அப்போது பதவியில் இருந்தவர். பழையவர்தான் மற்றவரைக் கூட்டிக்கொண்டு வந்து கதிரையில் இருத்தினார். பிறகு இருவரும் மனஸ்தாபப்பட்டு, பழையவர் வெளியே போய்த் தனிக் கட்சி தொடங்கித் தேர்தல் கேட்டார். யானை இரண்டாகப் பிளந்தது. கழுதை வென்றது. என் மேப்பில் ஒரு மாற்றம்தான். கட்சி பழையவரையே நிறுத்துகிறது, அதனால் யானை பிளக்கவில்லை.

"அப்ப யானை வெல்லுது எண்டு சொல்லுறீங்கள்?"

"சுகமா வெல்லும்."

"விசர்க் கதை." அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "அந்த மற்றவரின்ரை ஆக்கள் இவருக்குப் போடுவினமே? வீட்டில படுத்துக் கிடப்பினம், போட மாட்டினம். நான் அங்க முப்பது வருசம் இருக்கிறன். உங்களுக்கு அமெரிக்கனைத் தெரியாது."

"நூறு வருசத்துக்கு முந்தின அமெரிக்கனை உங்களுக்கு மட்டும் தெரியுமோ? உங்கட பம்பில வந்து எண்ணெய் அடிச்சவனோ?"

"கதையை மாத்தாதேங்கோ! ஒகையோ மாநிலத்தைப் பாருங்கோ. அந்த மற்றவர் ஒகையோக்காரன். அவன்ரை ஊர்ச் சனம் விட்டுக் குடுக்குமே?"

"ஊர்ச்சனத்துக்குத் தன்ரை ஊரானிலதான் முதல் எரிச்சல்!"

அவர் மேசையில் அடித்தார். நானும் அடித்தேன். கோப்பைகள் துள்ளின. குசினிக் கதவில் மகளும் பெடியனும் வெள்ளை முகத்தோடு நின்றார்கள். பெடியன், "டட், யூ ப்ரொமிஸ்ட்" என்றான்.

"நீ பேசாமல் இரு. இது வேற விசயம்" என்று அவர் திரும்பாமலே சொன்னார்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எத்தனையோ வருடங்களாக ஒரு தமிழனோடு நான் இப்படிப் பயமில்லாமல் கத்தியதில்லை. அவர் கிழக்குக் கரை மாநிலங்களைப் பிடித்தார், நான் மேற்கைப் பிடித்தேன். கலிபோர்னியாவில் இருவரும் ஒத்துப்போனோம். மேப்பின் நடுப்பகுதிக்கு வந்தபோது அவர் பெருமூச்சு விட்டுச் சாய்ந்து இருந்தார்.

"ரெண்டும் ஒரே வீட்டு ஆக்கள். தங்களுக்க அடிபட்டுச் சாகாமல் இருந்திருந்தால்..." என்றார். குரல் இறங்கியிருந்தது. "எங்கட ஊரிலையும் அப்பிடித்தானே தங்கச்சி. எல்லாரும் ஒண்டா நிண்டிருந்தால்..."

நோர்பரியில் கேட்ட அதே வசனம். சொல்லுக்குச் சொல் அதேதான். மகள் கதவு நிலையைப் பிடித்தது தெரிந்தது. என் நாக்கு நுனியில், ஆர் சுட்டது என்ற என் கேள்வி வந்து நின்றது. கேட்டிருந்தால் அவர் மறுமொழி சொல்லியிருப்பார். அந்த மறுமொழியில் அவர் யாரென்று தெரிந்திருக்கும். அண்ணனைச் சுட்டவர்களின் பக்கமாகவும் இருந்திருக்கலாம். அண்ணனின் பக்கமாக நின்று தன் ஆட்களைப் பறிகொடுத்தவராகவும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று என் உடம்பு முழுக்கக் கேட்டது.

மகளைப் பார்த்தேன்.

"அது இந்த மேப்பில இல்லை அண்ணை" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணிலும் ஒரு கேள்வி இருந்தது. எனக்கு இருந்த அதே கேள்விதான், வேறென்ன? அவரும் என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு ரோல்ஸை எடுத்து முழுதாக மென்று விழுங்கினார்.

"ஓம்" என்றார். "இதில இல்லை. ஒரு மாற்றம் எண்டால் ஒரு மாற்றம்தான்." பிறகு குசினிப் பக்கம் பார்த்து, "பிள்ளை, அந்தத் தேத்தண்ணி இண்டைக்கு வருமோ, நாளைக்கு வருமோ?" என்று கேட்டார்.

மகள் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அவசரத்தில் பாதி தட்டில் சிந்தியிருந்தது. சாமியறையிலிருந்து திரும்பிய இவர், என்ன நடந்தது என்று ஒருவர் முகத்தை மாறி ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போகும்போது, கோயில் ஐயரிடம் நாள் பார்த்து வையுங்கோ என்று பெடியனின் தகப்பன்தான் சொன்னார். கார் திரும்பும் வரைக்கும் வாசலில் நின்றோம். கதவைச் சாத்திவிட்டுச் சப்பாத்து அடுக்குகிற பலகையிலேயே இருந்துவிட்டேன். மகள் வந்து பக்கத்தில் நெருக்கிக்கொண்டு இருந்தாள். அந்தப் பலகை இரண்டு பேரைத் தாங்காது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவளும் நோர்பரிக் கதையை எடுக்கவில்லை.

அப்படியே எவ்வளவு நேரம் இருந்தோமோ, என் போன் அடித்தது. பெடியனின் தகப்பன் மகனிடம் என் நம்பரை வாங்கி, அதே மேப்பை அனுப்பியிருந்தார். ஒகையோவை மட்டும் நிறம் மாற்றி, கீழே எழுதியிருந்தார்: "தங்கச்சி, ஆறுதலா யோசிச்சுப் பாருங்கோ. நான் சொன்னதுதான் சரி."

நான் எழுதத் தொடங்கினேன். மகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, என்ன எழுதுறீங்கள்?"

"விசர்க் கதை எண்டு."

"ஆருக்கு?"

"சம்பந்திக்கு."

அவள் போனைப் பறிக்கக் கை நீட்டினாள். பிறகு கையை எடுத்துவிட்டு, முகத்தை என் தோளில் வைத்துச் சத்தமாகச் சிரித்தாள். நான் அனுப்பிவிட்டேன்.