மூக்கு இல்லாத மூன்று வருஷம்

அன்று சனிக்கிழமை, மாலை நாலு மணி. தையல் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். கேஸ் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. சமையலறையில் என் வீட்டுக்காரர் நிற்கிறார். அடுப்பின்மேல் தண்ணீர் ஊற்றிய பாத்திரம், கையில் லைட்டர். டீ போடப் போகிறாராம்!

"ஐயோ, பத்த வைக்காதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. பாய்ந்துபோய் லைட்டரைப் பிடுங்கி வாசல் பக்கம் எறிந்தேன். சிலிண்டரை மூடினேன், ஜன்னல்களை எல்லாம் திறந்தேன். ரப்பர் குழாய் அடுப்போடு சேருகிற இடத்தில் வெடித்துக் கிடந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, "என்னாச்சு?" என்றார்.

என்னாச்சாம்! இதைக் கேட்டது யார் தெரியுமா? தேயிலைக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாக டீ ருசி பார்க்கிற ஆள். மூட்டை மூட்டையாகத் தேயிலை வரும். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்து, கொதிநீர் ஊற்றி, ஆறு நிமிஷம் மூடிவைத்து, மோந்து பார்த்து, உறிஞ்சித் துப்பி, "இது சேரும், இது சேராது" என்பதுதான் அவர் உத்தியோகம். நாக்கைவிட மூக்குக்குத்தான் அங்கே வேலை அதிகம். எந்த மலைச்சரிவு, மழைக்கு முன் பறித்ததா பின் பறித்ததா, மூட்டை எத்தனை நாள் கிடந்தது, எல்லாவற்றையும் மோந்தே சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயரே 'மூக்கு சார்'தான்.

அந்த மூக்குக்கு நான் செய்த ஊழியம் கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணமான மறுநாளே சட்டம் போட்டுவிட்டார். வீட்டில் வாசனை சோப்பு கூடாது, பவுடர் கூடாது, ஊதுபத்தி கூடாது. வெங்காயம் வதக்கினால் உடுப்பை மாற்றிக்கொண்டுதான் அவர் பக்கத்தில் போகவேண்டும். மகள் கல்லூரிக்குப் போகிற வயதில் ஆசைப்பட்டு ஒரு சென்ட் பாட்டில் வாங்கினாள். அதை அவர் தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். பெண் இரண்டு நாள் பேசவில்லை.

டீ விஷயத்தில் கேட்கவே வேண்டாம். எனக்கு ஏலக்காய் தட்டி, இஞ்சி நசுக்கி, பால் தூக்கலாக, மூக்கைத் துளைக்கிற டீ வேண்டும். அவருக்கு அதைப் பார்த்தாலே ஆகாது. "நல்ல தேயிலையை இப்படியா கொலை பண்ணுவாங்க?" என்பார். அவருக்கு வெளிர்நிறத்தில், லேசாக, வெட்டிய புல் மாதிரி மணக்கவேண்டும். சரி, அவர் மூக்கில்தானே நம் சோறு இருக்கிறது என்று இருபத்தாறு வருஷம் ஏலக்காயை மறந்தேன். தையல் கடையில் மட்டும் திருட்டுத்தனமாக ஒரு கப் குடிப்பேன். குடித்துவிட்டு வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன். யாருக்கு நடக்கும் இந்தக் கூத்து!

அப்படிப்பட்ட மனுஷன் கேஸ் நிரம்பிய அறையில் நின்றுகொண்டு என்னாச்சு என்கிறார்.

"உங்களுக்கு வாடை வரலையா?" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. எழுந்துபோய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மூக்குக்கு நேரே நீட்டினேன். "இது என்ன?"

அவர் கண்ணைத் திறக்காமலே, "தெரியலம்மா. மூணு வருஷமா எதுவுமே தெரியல" என்றார்.

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தார். அதோடு போய்விட்டதாம். வெளியூர் போய் இரண்டு டாக்டரைப் பார்த்தாராம், என்னிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு. இரண்டு பேரும் கையை விரித்துவிட்டார்கள்.

முதலில் அழுகை வந்தது. பாவம் மனுஷன் என்று கையைப் பிடிக்கப் போனேன். போன வாரம் நடந்தது ஞாபகம் வந்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"இருங்க. போன வாரம் டீத்தூள் டப்பாவைச் சரியா மூடல, மணமெல்லாம் போச்சுன்னு என்னைத் திட்டினீங்களே, அது?"

"வழக்கமா திட்டுறதுதானே. திடீர்னு நிறுத்தினா நீ கண்டுபிடிச்சிடுவியேன்னு..."

"அடப்பாவி மனுஷா! மூணு வருஷமா நான் பவுடர் போடாம அலையுறேன்!"

கையில் கிடைத்த கரண்டியைத் தரையில் ஓங்கி அடித்தேன். பக்கத்து வீட்டுக் கதவு மறுபடி திறந்தது. திறக்கட்டுமே, எனக்கென்ன.

"சரி, கம்பெனியில எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டேன்.

அவர் தயங்கித் தயங்கி, "கோப்பையக்கா" என்றார்.

கோப்பையக்கா அந்த ருசி பார்க்கும் அறையில் கோப்பை கழுவுகிற பெண். இருபது வருஷமாகக் கழுவுகிறாள். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு, ஆனாலும் கம்பெனியில் எல்லோருக்கும் அக்காதான். இவர் காய்ச்சலிலிருந்து எழுந்து வேலைக்குப் போன முதல் வாரமே, பெயின்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்து வாடை பிடித்த தேயிலையை நல்லது என்று சொல்லிவிட்டாராம். கழுவ எடுத்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் மெதுவாக, "சார், இதை இன்னொரு தடவை பாருங்க" என்றிருக்கிறாள். அன்றே அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் இரண்டு பேருக்கும் ஒரு ஏற்பாடு. டீ ஊற்றிய கோப்பைகளை வரிசையாக வைப்பதும் அவள் வேலை. வைக்கும்போதே மோந்துவிடுவாள். நல்லதென்றால் கோப்பையின் பிடி வலது பக்கம், சேராததென்றால் இடது பக்கம். சந்தேகம் என்றால் நேராக. இவர் பிடியைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லுவார்!

வேலை போய்விடுமே என்ற கவலை, பொய் சொன்ன கோபம் எல்லாம் பின்னால் போய், ஒன்றே ஒன்று நெஞ்சில் குத்தியது.

"கட்டின பொண்டாட்டிக்குத் தெரியாது. கோப்பை கழுவுறவளுக்குத் தெரியும். அப்படித்தானே?"

"நான் சொல்லல. அவங்களாவே கண்டுபிடிச்சாங்க."

அது இன்னும் மோசம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் கண்டுபிடிக்கவில்லையே! பொறாமையா, வெட்கமா, எனக்கே தெரியவில்லை. "அவளுக்கு என்ன லாபம்? எதுக்கு இதைச் செய்யுறா?" என்று கத்தினேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "ஒரு லாபமும் இல்ல. சொல்லப்போனா நான்தான் அவங்களுக்குக் கெடுதல் பண்ணிட்டேன். மூணு வருஷமா லீவு போட விடல. அவங்க இல்லாட்டி நான் மாட்டிக்குவேன்ல? போன வருஷம் அவங்க கூடப்பிறந்த தங்கச்சி கல்யாணம். போகாதீங்கக்கான்னு கெஞ்சினேன். போகல."

நான் திகைத்துப்போய் அவரையே பார்த்தேன். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்த மனுஷன் இவர்தானா? ஒருத்தி தங்கையின் கல்யாணத்துக்குப் போகாமல் இவருக்காகக் கோப்பைக்குப் பிடி திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறாள், கோப்பை கழுவுகிற சம்பளத்துக்கு. அவள்மேல் வந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

"திங்கக்கிழமை முதலாளிகிட்ட சொல்லுங்க" என்றேன்.

"வேலை போயிடும். ரிட்டயராக இன்னும் நாலு வருஷம் இருக்கு. இந்த வயசுல எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு?"

"போனா போகட்டும். நான் தைக்கிறேன். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

ஞாயிறு முழுக்க அவர் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. திங்கள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு, "நீயும் வா. தனியாப் போனா பாதி வழியில திரும்பி வந்துடுவேன்" என்றார்.

அந்த அறைக்குள் அன்றுதான் முதல்முறையாகக் கால் வைத்தேன். நீளமான வெள்ளை மேசை, பெரிய ஜன்னல், மூலையில் துப்புவதற்கு ஒரு உயரமான தொட்டி, சுவரோரம் கழுவும் தொட்டி. கோப்பையக்கா அங்கே நின்று கழுவிக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, வெந்நீரில் வெளுத்துப்போன விரல்கள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

முதலாளி சின்ன வயசுக்காரர். அப்பாவுக்குப் பிறகு கம்பெனிக்கு வந்தவர். இவர் சொன்னதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "விளையாடாதீங்க சார். வேற கம்பெனி கூப்பிடுதா? எவ்வளவு தரேன்னு சொல்றான்? நேரா சொல்லுங்க."

"சத்தியமாங்க. மூணு வருஷமா மோந்து பாக்கறது அவங்கதான்" என்று இவர் கோப்பையக்காவைக் காட்டினார்.

முதலாளியின் சிரிப்பு நின்றது. எழுந்துபோய் உள்ளறையில் தானே ஏழு கோப்பை தயார் செய்து கொண்டுவந்து வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் எந்த மூட்டை என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. "நீங்க வாங்க. இது என்ன என்னன்னு சொல்லுங்க" என்று அவளைக் கூப்பிட்டார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஏழு கோப்பையிலும் குனிந்தாள். நிமிர்ந்து என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "எல்லாம் டீ மாதிரிதான் இருக்குங்கய்யா. நான் கோப்பை கழுவுறவ. எனக்கென்ன தெரியும்?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை. இவர் வேலை போகக்கூடாதென்று அவள் வாய் கூசாமல் பொய் சொல்கிறாள்! முதலாளிக்கு நிம்மதி. "பாத்தீங்களா? உங்களுக்கு ஓய்வு வேணும் சார், அவ்வளவுதான். ரெண்டு நாள் லீவு எடுங்க" என்று சொல்லிவிட்டு, சோதனைக்கு வைத்த கோப்பைகள் என்பதையே மறந்து என் பக்கம் திரும்பினார். "முதல் தடவை வந்திருக்கீங்கம்மா. பால் இல்லாத டீதான். ஒண்ணை எடுத்துக் குடிங்க."

என் தொண்டை வறண்டு கிடந்தது. கைக்கு எட்டிய கோப்பையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன். உதட்டில் படும் நேரத்தில் யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். டீ சிந்தி என் கை சுட்டது.

"அதைக் குடிக்காதீங்கம்மா! பினாயில் பக்கத்துல கிடந்த மூட்டை அது!"

கோப்பையக்காதான். சொன்ன வேகத்தில் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். நான் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். என் மூக்குக்கு வெறும் டீ வாசனைதான் வந்தது. முதலாளி கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் கிடந்த சீட்டைப் படித்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மத்த ஆறையும் சொல்லுங்க" என்றார்.

அவள் அழுதுகொண்டே சொன்னாள். இது மேல்மலை, மழை விட்ட மறுநாள் பறிச்சது. இது சூட்டுல ஒரு நிமிஷம் அதிகம் கிடந்திருக்கு. இது ரெண்டு மூட்டையைக் கலந்தது, ஒண்ணு பழசு. முதலாளி ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பார்த்து மேசையில் வைத்தார். ஆறாவது சீட்டைப் பார்த்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

அவள் என் வீட்டுக்காரரிடம், "மன்னிச்சிடுங்க சார். அம்மா வாயில போறதைப் பாத்துட்டு சும்மா நிக்க முடியல" என்றாள்.

"நீங்க எதுக்குக்கா மன்னிப்பு கேக்குறீங்க?" என்றார் இவர். குரல் உடைந்துபோயிருந்தது. நானும் அழுதுவிட்டேன்.

பிறகு முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தரைக்கு அடுத்த நாப்பது கோப்பை இருக்கு. யார் பாக்கறது?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

என் வீட்டுக்காரர் தான் ருசி பார்க்கும் கரண்டியை எடுத்துக் கோப்பையக்காவின் கையில் கொடுத்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு கழுவும் தொட்டிக்குப் போனார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் வீட்டில் ஒரு ஸ்பூன்கூடக் கழுவாத மனுஷன் குழாயைத் திறந்து கோப்பையை நீட்டினார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். முதலாளி அவரைத் தடுக்கவில்லை.

கோப்பையக்கா கரண்டியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"சார், பச்சைத் தண்ணியில கழுவாதீங்க. வெந்நீர்ல கழுவுங்க."

"சரிங்கக்கா" என்றார் அவர்.